பாலித் வீட்டு ஹேண்டில்

அலகா பாலித்துக்கு வலது கை இடது கையைவிடத் தடிமன். ரவிக்கை தைக்கிறவர் ஒவ்வொரு முறையும் தன் அளவில்தான் பிசகோ என்று மறுபடி டேப்பைச் சுற்றுவார். "சரியாத்தான் இருக்கு, அப்படியே தைங்க" என்பாள் அலகா. ஷியாம்பஜாரில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஈட்டி எறிந்து எறிந்து அப்படிப் பருத்த கை என்று பள்ளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஈட்டி பிற்பாடு வந்தது. அந்தக் கையை வளர்த்தது பாட்டனாரின் ஹம்பர் கார்.

1928-இல் வந்த கார். நம்பர் 2217. காலையில் அதைக் கிளப்புவது வீட்டில் ஒரு திருவிழா. முன்னால் ஓட்டையில் இரும்பு ஹேண்டிலை நுழைத்து, எஞ்சினின் மூக்கில் இருக்கிற நட்டோடு கோத்து, சுண்டி மேலே இழுக்க வேண்டும். இழுப்பதற்கு முன் ஸ்டியரிங்கில் இருக்கிற ஸ்பார்க் லீவரைக் கீழே இறக்கிக் குறைத்திருக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். டிரைவர் ராம்தனிக்கு அப்படித்தான் மணிக்கட்டு முறிந்தது. அவர் கட்டுப் போட்டுக்கொண்டு பீகாருக்குப் போன மாதத்தில் பதின்மூன்று வயது அலகா, "நான் இழுக்கறேன்" என்று முன்னால் வந்து நின்றாள். தாத்தா சிரித்தார். முதல் இழுப்பிலேயே எஞ்சின் ஓடியது. அதன் பிறகு ராம்தனி திரும்பி வந்தும் ஹேண்டில் அலகாவிடம்தான் இருந்தது.

ஸ்டியரிங் பக்கம் உட்காருகிறவன் சித்தப்பா மகன் தேபேஷ். வீட்டில் பாச்சு. அவளைவிட ஏழு வயது சின்னவன், கால் பெடலுக்கு எட்டாது, லீவருக்கு மட்டும் கை எட்டும். அவள் முன்னாலிருந்து கத்துவாள்: "குறைச்சாச்சா?" உள்ளேயிருந்து கீச்சுக் குரல் வரும்: "குறைச்சாச்சு, மிந்துதி." மிந்து அவளுடைய வீட்டுப் பெயர், தி என்றால் தீதி, அக்கா. அந்தப் பதில் வராமல் அவள் ஒருநாளும் இழுத்ததில்லை.

பிறகு பாகப் பிரிவினை. வங்காளத்துக் கூட்டுக் குடும்பங்கள் உடைகிற அழகைச் சொல்ல வேண்டுமா? அலகாவின் அப்பாவும் சித்தப்பாவும் ஐந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். வீட்டின் முற்றத்தில் நடுவே சுவர் எழும்பியது. அண்டா குண்டா, கட்டில், பெட்டி எல்லாம் பிரிந்தன. மிஞ்சியது ஹம்பர். அண்ணன் எடுத்துக்கொள்ளத் தம்பி சம்மதிக்கவில்லை. தம்பி எடுத்துக்கொள்ள அண்ணன் சம்மதிக்கவில்லை. வெளியாளுக்கு விற்க இருவருக்குமே மனமில்லை. மத்தியஸ்தம் பேச வந்த அத்தை கணவர் பொறுமை இழந்து, "அப்போ ரெண்டா வெட்டிக்குங்க" என்று எழுந்துவிட்டார். அவர் கோபத்தில் சொன்னது. சகோதரர்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஐந்து வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, சக்கரங்கள் எல்லாம் அண்ணனுக்கு. எஞ்சின், கியர் பெட்டி, ரேடியேட்டர், விளக்குகள் தம்பிக்கு. சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோன அன்று அலகா சாப்பிடவில்லை. சில்லறைச் சாமான்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். டூல் பெட்டி அப்பாவுக்கு விழுந்தது. ஹேண்டில் அதற்குள் கிடந்தது.

இரண்டு கிழவர்களும் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீம்பு முழு மூச்சாகக் கிளம்பியது. அலகா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சம்பளத்தை வண்டியில் போட்டாள். ஆசன்சோலில் ஒரு சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அதே ரக ஹம்பர் எஞ்சினைக் கண்டுபிடித்து, மெக்கானிக் இத்ரிஸ் பாயை வைத்துத் தன் சேஸிஸில் உட்கார வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தேபேஷ் கிருஷ்ணநகரில் ஒரு ஜமீன் கொட்டகையில் இற்றுக்கொண்டிருந்த சேஸிஸ் ஒன்றை வாங்கி வந்து, பழைய போட்டோவைப் பார்த்து மரத்திலும் தகரத்திலும் புது பாடி கட்டினான். அவன் வண்டி பளபளவென்று கண்ணாடிபோல் இருந்தது. அவள் வண்டியில் தாத்தா காலத்துப் பெயின்ட் பாதி உரிந்து நின்றது. உரிந்ததைத் தொட விடமாட்டாள். "இது தாத்தா காலத்துப் பெயின்ட். இதுல கை வைக்கிறவன் கையை ஒடிப்பேன்" என்பாள். இத்ரிஸ் பாய் அவள் கையைப் பார்த்துக்கொண்டு தள்ளி நிற்பார்.

வருஷா வருஷம் ஜனவரியில் மைதானத்தில் பழைய கார்களின் ஓட்டம். அன்று ஒருநாள் மட்டும் இரண்டு வண்டிகளும் 2217 என்ற பித்தளைப் பலகையைக் கட்டிக்கொண்டு வரும். ஒரே குடும்பம், ஒரே நம்பர், இரண்டு கார். ஜனங்களுக்கு வேடிக்கை. அலகாவும் தேபேஷும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகள் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தேபேஷ் எஞ்சினைக் கிளப்புவான், தாத்தா காலத்தில் கெட்டுக் கிடந்து அவன் பழுதுபார்த்த செல்ஃப் ஸ்டார்ட்டரில். அலகா டீக் கோப்பையோடு சுவர் ஓரமாக வந்து நிற்பாள். அது அவளுடைய எஞ்சின். இருமுகிற விதம், சூடேறிய பிறகு மெல்ல ஒரு தாளத்துக்கு வருகிற விதம், எல்லாம் அவளுக்குத் தெரியும். "சோக்கைக் குறைடா கழுதை" என்று சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள். அவன் காதில் விழுந்திருக்காது. விழுந்தாலும் குறைத்திருக்க மாட்டான்.

அந்த ஜனவரியில் புது நடுவர் வந்தார். நிருபம் பக்ஷி. ஓய்வு பெற்ற இன்ஜினியர், குரல் உயர்த்தாத மனிதர். பையில் ஒரு பல் டாக்டர் கண்ணாடியும் சின்ன டார்ச்சும் வைத்திருப்பார். அந்தக் கண்ணாடியைக் கண்டால் கோடீஸ்வரர்களும் ஓடிப்போய் வண்டியை மறுபடி துடைப்பார்கள். கம்பெனி போட்ட ஆணி எது, போன மாதம் போட்ட ஆணி எது என்று பிரித்துக் காட்டிவிடுகிறவர்.

மைதானத்துப் புல்லில் பனி காயாத நேரத்தில் அவர் இரண்டு ஹம்பர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"ஒரே காரு ரெண்டு தடவை பிறக்காது" என்றார். "இத்தனை வருஷம் கமிட்டி கண்டுக்காம விட்டுட்டாங்க. இந்த வருஷம் ஒண்ணுதான் 2217. யாருக்குப் புள்ளி கூடவோ அவங்ககிட்ட அந்தப் பலகை இருக்கும், இன்னொருத்தர் மறுபடி கேட்டு ஜெயிக்கற வரைக்கும். இன்னொண்ணு பின் வரிசைக்குப் போகணும்."

பின் வரிசை என்றால் பல கார்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டிகள் நிற்கிற வரிசை. அதற்குக் கிச்சடி வரிசை என்று பெயர்.

"என் வண்டியா கிச்சடி?" என்றாள் அலகா.

"நான் அப்படிச் சொல்லலே தீதி. புள்ளி சொல்லும்."

"சேஸிஸ் என்கிட்ட. பாடி என்கிட்ட. பெயின்ட்கூட அன்னைக்கு அடிச்சது."

அந்தப் பக்கத்திலிருந்து தேபேஷ் பக்ஷியிடம் மட்டும் பேசினான். அவளைப் பார்க்கவில்லை. "சார், எஞ்சின் இல்லாத கார் வெறும் பல்லக்கு. பல்லக்குக்கு நம்பர் எதுக்கு?"

அலகாவுக்குக் காது சிவந்தது. அவளோடு வந்திருந்த சரித்திர டீச்சர் ஸ்வப்னா முழங்கையால் இடித்தாள். "சும்மா இருங்க அலகாதி. கச்சோரி ஆறிடும்." ஸ்வப்னா பட்டாணிக் கச்சோரியும் உருளைக்கிழங்கு தம் கறியும் கொண்டு வந்திருந்தாள். அவளுக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. சண்டைகளைப் பற்றி நிறையத் தெரியும்.

முதலில் அலகாவின் வண்டி, ஸ்டார்ட்டரை மிதித்ததும் நின்ற இடத்திலேயே ஓடியது. பக்ஷி பாடியைச் சுற்றி வந்தார், உரிந்த பெயின்டை விரலால் தடவினார். ஆசன்சோல் எஞ்சினின் நம்பரைப் படித்தபோது உதட்டைப் பிதுக்கினார். கடைசியாக டூல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஹேண்டில்.

"இது என்ன?"

"ஹேண்டில்."

"அது தெரியுது. கம்பெனி ஹேண்டில் முனையில ரெண்டு பல்லுதான் இருக்கும். இதுல மூணு. உங்க எஞ்சின்லயே இது மாட்டாது. பின்ன எதுக்கு இதை வெச்சிருக்கீங்க?"

"பெட்டியோட வந்தது. பெட்டியிலதான் இருக்கும்."

வருஷா வருஷம் எந்த நடுவர் வந்தாலும் இந்த ஹேண்டிலுக்காக அவளுக்குப் புள்ளி குறையும். வெளியே எடுத்து வீட்டில் போட்டுவிட்டு வரலாம் என்று ஸ்வப்னா எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அலகா கேட்டதில்லை. பக்ஷியும் குறித்துக்கொண்டார்.

தேபேஷின் வண்டியையும் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறக்குறைய சமமாத்தான் வருது" என்று பக்ஷி கடிகாரத்தைப் பார்த்தார். "இனி உங்க எஞ்சின் ஓடிக் காட்டணும், தேபேஷ் பாபு. விதி தெரியுமில்லையா? நிக்கற இடத்துலேயே எஞ்சின் ஓடணும். தள்ளினா வண்டி வெளியே. கால் மணி நேரம்."

தேபேஷ் வெள்ளைக் கையுறை மாட்டியிருந்தான். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்தான். ஒரு முறை முனகியது. மறுமுறை மிதித்தபோது அடியிலிருந்து நீலப் புகை வந்தது, கருகிய வாடை பரவியது. மூன்றாவது முறை சத்தமே இல்லை.

அவனுடைய மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டார்ட்டர் சுருள் எரிஞ்சு போச்சு தாதா" என்றான், அண்ணன் என்கிற மரியாதையில்.

"ஹேண்டில் போடு."

தேபேஷின் வண்டியிலும் ஒரு ஹேண்டில் உண்டு. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அசல் கம்பெனி முத்திரை, கறுப்பு எனாமல் பூச்சு, இரண்டு பல். பித்தளைக் கொக்கியில் நகைபோல மாட்டியிருப்பான். வந்த நாளிலிருந்து ஒருதடவைகூட அதை எஞ்சினில் நுழைத்துப் பார்த்ததில்லை. பார்த்தால் எனாமல் கீறிவிடுமே! பழைய கார்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியாது.

மெக்கானிக் நுழைத்தான், இழுத்தான். கடக் என்று வழுக்கியது. மறுபடி இழுத்தான். வழுக்கி, அவன் விரல் முட்டி ரேடியேட்டரில் இடித்து ரத்தம் வந்தது. "பிடிக்க மாட்டேங்குது தாதா. உள்ள பல்லு வேற மாதிரி இருக்கு."

அலகாவுக்குத் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், இருவரும் அங்கேதான் நின்றார்கள்; ஒருவன் செல்ஃப் ஸ்டார்ட்டர் பழக்கத்தில் அதை மறந்தே போயிருந்தான். யுத்தக் காலத்தில் அந்த நட்டின் பல் உடைந்தது. சீமையிலிருந்து கப்பல் வராது. தாத்தா எஞ்சின் நட்டைக் கழற்றி ஹௌராவில் ஒரு கொல்லரிடம் கொடுத்தார். அவர் உடைந்த பல்லைச் சீவித் தள்ளிவிட்டு நட்டில் புதிதாக மூன்று பல் வெட்டினார், அதற்கு ஏற்ற மாதிரி ஒரு ஹேண்டிலும் அடித்துக் கொடுத்தார். அந்த நட்டை அந்த ஹேண்டில்தான் கடிக்கும். நட்டு சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஹேண்டில் இந்தப் பக்கம் தங்கிவிட்டது.

தேபேஷ் இறங்கி வந்து தானே இழுத்துப் பார்த்தான். எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து புல்லில் விழுந்தது. கையுறை கிழிந்தது. நிமிர்ந்தவன், எதையும் யோசிக்காமல், அலகாவின் வண்டியில் டூல் பெட்டி இருக்கிற இடத்தைப் பார்த்தான். பிறகு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்க மாட்டான். செத்தாலும் கேட்க மாட்டான், சித்தப்பாவின் பிள்ளை.

"பாதி நேரம் போயிடுச்சு" என்றார் பக்ஷி.

ஸ்வப்னா அலகாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கச்சோரி டப்பாவை மூடி வைத்தாள். "அலகாதி, வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்னா போதும். ஒண்ணுமே பண்ண வேண்டாம், நிக்கணும், அவ்வளவுதான். பலகை உங்களுக்கு."

"தெரியும்."

"அவங்கப்பா உங்கப்பாவைக் கோர்ட்டுல நிக்க வெச்சாரு."

"எங்கப்பாவும் அவரை நிக்க வெச்சாரு."

"பல்லக்குன்னு சொன்னானே, இப்பத்தானே சொன்னான்?"

அலகாவுக்குக் கோபம் தீரவில்லை, அது நெஞ்சில் அப்படியே இருந்தது. ஆனால் அந்த எஞ்சின் அங்கே வாயடைத்து நின்றது, கூட்டம் வேடிக்கை பார்த்தது, யாரோ பின்னால் சிரித்தார்கள். தன் எஞ்சினைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவளால் தாங்க முடியவில்லை. டூல் பெட்டியைத் திறந்து ஹேண்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மெக்கானிக் கை நீட்டினான். "கொடுங்க தீதி."

"உன் கைக்கு இது பழக்கமில்ல. நகரு." பிறகு, யாரையும் பார்க்காமல், காற்றிடம் சொல்கிற மாதிரி, "ஒருத்தர் உள்ள உட்காரணும்" என்றாள்.

தேபேஷ் கிழிந்த கையுறையைக் கழற்றினான். பிறகு ஏறி உட்கார்ந்தான்.

அவள் குனிந்து ஹேண்டிலை நுழைத்தாள். டங் என்று ஒரு சத்தம், உடனே உள்ளே மூன்று பல்லும் கவ்விக்கொண்டன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தாள், ராம்தனி கற்றுக்கொடுத்த மாதிரி. ஈரப் புல்லில் கான்வாஸ் ஷூவை ஊன்றினாள். ஐம்பத்தாறு வயசு. மணிக்கட்டு முறிந்தால் இனி ஒழுங்காகச் சேராது.

லீவர் அவன் கையில் இருந்தது. அவன் இறக்கியிருப்பானா என்று இங்கிருந்து தெரியாது. இறக்காமல் விட்டால் யாராலும் அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. மறந்துபோச்சு என்பான், எத்தனை வருஷமாச்சு என்பான். முப்பது வருஷப் பகையை ஒரு லீவரில் தீர்த்துக்கொள்ள நினைத்தால் இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. கை வியர்த்தது. இந்தக் குளிரில் அவளுக்குக் கை வியர்த்தது.

"குறைச்சாச்சா?" என்றாள்.

பதில் இல்லை. காக்கைகள் கத்தின. பக்ஷி கடிகாரத்தைப் பார்த்தார். அலகா ஹேண்டிலைப் பிடித்தபடியே குனிந்து நின்றாள். பதில் வராமல் இழுக்க மாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

"குறைச்சாச்சு" என்றது உள்ளிருந்து ஒரு கரகரத்த குரல். கொஞ்சம் பொறுத்து, "மிந்துதி" என்றது.

இழுத்தாள். எஞ்சின் இருமியது, ஒரு மூச்சு விட்டது, பிடித்துக்கொண்டது. அந்தத் தாளம் அவள் கை வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை ஞாயிறு கேட்டிருப்பாள், கையில் வாங்கி எவ்வளவு காலமாயிற்று! கூட்டத்தில் கைதட்டினார்கள். ஸ்வப்னாகூடத் தட்டினாள், பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். தேபேஷ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தான். கண் கலங்கியிருந்ததோ, புகையோ.

அத்தோடு முடிந்திருக்கலாம்.

பக்ஷி எஞ்சினை அணைக்கச் சொன்னார். கீழே மண்டியிட்டு, டார்ச்சை அடித்து, பல் டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டார். "வேடிக்கையா இருக்கே. கம்பெனி ஹேண்டில் மாட்ட மாட்டேங்குது, இந்த ஹேண்டில் மாட்டுது. இந்த நட்டு எங்க செஞ்சது?"

"ஹௌராவுல" என்றாள் அலகா, முகமெல்லாம் பூரிப்பாக. மூச்சு இன்னும் வாங்கியது. "யுத்தக் காலத்துல, ஒரு கொல்லர் உட்கார்ந்து கையால வெட்டினது. அறுபது வருஷமா ஒரு பல்லு தேயலே, பாருங்க."

பக்ஷி நிதானமாக எழுந்து முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். "அப்போ இது கம்பெனி பாகம் இல்ல" என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் அலகாவுக்கு உறைத்தது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். சமமாக இருந்த புள்ளியில் அந்த ஒரு நட்டு விழுந்தது. எஞ்சினின் ஒவ்வொரு திருகும் அசல் என்று தேபேஷ் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தது அவள் ஒரு வாக்கியத்தில் போயிற்று.

தேபேஷ் இறங்கி அவள் எதிரே வந்து நின்றான். குரல் மெதுவாகத்தான் வந்தது. "இதுக்குத்தானா மிந்துதி? ஹேண்டிலைத் தூக்கிட்டு வந்தது இதுக்குத்தானா?"

"இல்லடா பாச்சு. நான் யோசிக்காம..."

"நல்லா யோசிச்சிருக்கே. எங்கப்பா சொல்வாரு, உங்க பக்கத்துல சும்மா எதையும் கொடுக்க மாட்டாங்கன்னு. நான் நம்பலே. இப்பத்தான் நம்பறேன்."

கூட்டம் எதிரில் நிற்கும்போது என்ன சொல்ல முடியும்? எதைச் சொன்னாலும் நடிப்பாகத்தான் கேட்கும். பக்ஷி சோதனைக்காகக் கழற்றி வைத்திருந்த அவளுடைய பித்தளைப் பலகையை இரண்டு கையாலும் மரியாதையாக அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். தேபேஷின் வண்டி கிச்சடி வரிசைக்கு நகர்ந்தது. அந்தக் குழப்பத்தில் ஹேண்டில் அதன் மூக்கிலேயே இருந்துவிட்டது.

2217 இனி அவளுடையது. பள்ளியில் மாலை போட்டார்கள். தலைமையாசிரியை நொலேன் வெல்லச் சந்தேஷ் இனிப்பு வரவழைத்துக் கொடுத்தார். அலகா சிரித்தாள், நன்றி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை டீக் கோப்பையோடு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். அந்தப் பக்கம் சத்தமில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. டீ ஆறிப்போய்க் கீழே ஊற்றினாள்.

இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கிறவள் மாலதி. வீடு பிரிந்தாலும் மாலதியைப் பிரிக்க முடியவில்லை. மார்ச் மாதம் ஒருநாள் அவள் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பக்கத்து தாதா கொடுத்தனுப்பினாரு. இங்கிலாந்துலேர்ந்து புது நட்டு வந்துடுச்சாம். அசல் கம்பெனி சாமானாம். இது ரெண்டும் உங்களோடதாம், இனி அங்க வேண்டாமாம்."

உள்ளே ஹேண்டிலும் நட்டும். அலகா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றை மற்றொன்றோடு பொருத்தினாள். கவ்விக்கொண்டன. உலகத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்றுதான் கவ்வும், வேறு எதற்கும் உதவாது. அவள் அழுதாள். யாரும் இல்லாத வீடு, நன்றாகவே அழுதாள்.

அடுத்த ஞாயிறு சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் கிளம்பியது. இங்கிலாந்து ஹேண்டில், இங்கிலாந்து நட்டு, முதல் இழுப்பிலேயே. இனி அவனுடைய எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது.

அன்று மத்தியானமே அவள் இத்ரிஸ் பாயை வரச் சொன்னாள். நட்டை அவர் கையில் வைத்தாள். "இதை என் எஞ்சின்ல போடுங்க."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரை சேரும், ஒரே ரகம்தான். ஆனா தீதி, இப்ப உங்க எஞ்சின்ல இருக்கறது கம்பெனி நட்டு. அதைக் கழட்டிட்டு இதைப் போட்டா பக்ஷி பாபு விடுவாரா? அந்தப் பக்கம் சுத்தமா சரி பண்ணிட்டாங்க. வர்ற ஜனவரியில அவங்க மறுபடியும் கேட்டு நிப்பாங்க. பலகை கையை விட்டுப் போயிடும்."

"போகட்டும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கிச்சடி வரிசைல நிக்கணும்."

"நிக்கறேன். தாத்தா வீட்டுல காரு எப்படிக் கிளம்பிச்சோ அப்படிக் கிளம்பணும் எனக்கு. மத்ததை பக்ஷி எண்ணிக்கட்டும்."

இத்ரிஸ் பாய் தலையைச் சொறிந்துகொண்டு வேலையைத் தொடங்கினார். மாட்டி முடித்ததும் தானே இழுத்துப் பார்க்கிறேன் என்றார். அலகா விடவில்லை. ஞாயிறு வரட்டும் என்றாள்.

ஞாயிறு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அலகா வண்டியில் ஏறித் தானே ஸ்பார்க் லீவரை இறக்கினாள். உள்ளே உட்கார ஆளில்லை. பிறகு முன்னால் வந்து ஹேண்டிலை நுழைத்தாள்.

டங்.

அந்த வீட்டில் பிறந்தவர்கள் தூக்கத்திலும் அடையாளம் காண்கிற சத்தம் அது. சுவருக்கு அந்தப் பக்கம் துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்த ஓசை சட்டென்று நின்றது. அலகா காலை ஊன்றிக் குனிந்தாள். பழக்கதோஷம், இழுக்காமல் காத்திருந்தாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு கையை இறுக்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"குறைச்சாச்சா?"

அலகா நெற்றியை ரேடியேட்டர்மேல் ஒரு நொடி வைத்தாள். குளிர்ச்சியாக இருந்தது.

"குறைச்சாச்சுடா, பாச்சு" என்று சொல்லிவிட்டு இழுத்தாள்.